நீருக்கடிக் கேமராவின் உறையில் மரையைப் பாருங்கள்

சிறிய கேமராவுக்கு நீர்புகா உறை வாங்கும்போது, அதன் முகப்பில் 67 மி.மீ. மரை (லென்ஸைத் திருகி மாட்டும் புரி) இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, கூடுதல் லென்ஸையும் அதே மரை அளவில் வாங்கினால் பிற்பாடு பெருஞ்செலவு மிச்சமாகும். உறை ஒரே ஒரு கேமரா மாடலுக்கென வார்க்கப்படுவதால், கேமராவை மாற்றிய அன்றே அது பயனற்றுப் போகிறது. ஆனால் பல நிறுவனங்களும் பயன்படுத்தும் இந்த மரையில் வெளியே பொருத்தப்படும் லென்ஸ் அடுத்த உறைக்கும் பெரும்பாலும் பொருந்தும், நீருக்குள்ளேயே கழற்றி மாட்டவும் முடியும்.

முதல் லென்ஸாக அகலக் கோண லென்ஸையே நான் பரிந்துரைப்பேன். நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33 என்பதால், தட்டையான கண்ணாடி முகப்பின் வழியே பார்வைக் கோணம் சுருங்கிவிடுகிறது. வேலூர்ப் பக்கத்து விவசாயக் கிணறுகளில் நீந்துபவரை முழுதாகப் படமெடுக்கப் பின்வாங்க இடம் இருக்காது, விலகினாலும் கலங்கல் மறைத்துவிடும். லென்ஸை மாட்டியதும் இடையில் காற்றுக் குமிழி தங்காதபடி நீருக்குள் ஒருமுறை கழற்றி மாட்டுவது நல்லது.

ஜூம் நீளமாக வெளியே வரும் கேமராக்களுக்கு இந்த அகலக் கோண லென்ஸ் அவ்வளவாக ஒத்துவராது. உறையின் முகப்பும் நீளமாக இருப்பதால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும். ஒலிம்பஸ் டிஜி-6 போல 15 மீட்டர் ஆழம்வரை தானே தாங்கும் கேமரா வைத்திருப்பவர், கிணற்றோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால், உறையே வாங்க வேண்டியதில்லை.