செட்டிநாட்டுல சைக்கிள் டூர் கூட்டிட்டுப் போறீங்களா, கடைசி ஆள் எங்க இருக்காருன்னு தெரியுமா?

போன தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஆத்தங்குடி போற ரோட்டுல ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்தேன். ஒரு சைக்கிள் குரூப் போச்சு. முன்னாடி புதுசா டூர் ஆரம்பிச்ச ஒரு தம்பி, நல்ல பையன், ஹேண்டில்பார்ல போனை மாட்டி மேப் பார்த்துக்கிட்டே போறாரு, பின்னாடி ஏழு பேர், நல்ல வேகம். சரி போகட்டும்னு நான் டீயக் குடிச்சு முடிச்சு கிளாஸக் கழுவி வச்சுட்டேன், அப்பத்தான் தனியா ஒரு பொண்ணு மூச்சு வாங்க வந்து நின்னு கேட்டுச்சு, "அண்ணே, இந்தப் பக்கம் சைக்கிள்ல ஆளுங்க போனாங்களா?"

அந்தக் கேள்வியக் கேட்டதும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. ஏன்னா ஏழு வருஷத்துக்கு முன்னாடி என்னோட டூர்ல வந்த ஒருத்தங்க இதே மாதிரி ரோட்டுல நின்னு கேட்டிருக்காங்க, பதில் சொல்ல அங்க ஒரு ஆளும் இல்ல. அதனாலதான் இதை எழுதுறேன். ஹெல்மெட் போடு, தண்ணி எடு, பஞ்சர் கிட் வையின்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அது தெரியாம யாரும் இந்தத் தொழிலுக்கு வர்றதில்ல. தெரிஞ்சவங்களும் பண்ற தப்புகள் மட்டும்.

சீட்டு உயரம்

வாடகை சைக்கிள்ல ஏறுன உடனே எல்லாரும் கேக்குறது "கால் தரைல எட்டணும் சார், சீட்டை இறக்குங்க". நீங்களும் இறக்கிக் குடுத்துருவீங்க. 15 கிலோமீட்டர் தாண்டுனதும் முட்டி வலின்னு உக்காந்துருவாங்க. குதிகாலை பெடல் மேல வச்சு, பெடல் கீழ இருக்குறப்ப கால் நேரா நீளணும், அதுதான் அளவு. நிக்கிறப்ப சீட்ட விட்டு இறங்கி நிக்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷம் பழக்கி விடுங்க, ஆனா பயப்படுறாங்களேன்னு மொத்தமா இறக்கிடாதீங்க.

முள்ளை எடுக்காம ட்யூப் மாத்துறது

நம்ம ஊர்ல பஞ்சர்னாலே பாதிக்கு மேல சீமைக்கருவேல முள்ளுதான். ட்யூபை மாத்துவாங்க, காத்தடிப்பாங்க, கிளம்புவாங்க, ரெண்டு கிலோமீட்டர்ல திரும்ப இறங்கிரும். முள்ளோட நுனி ஒடிஞ்சு டயருக்குள்ளயே நிக்கும், வெளில இருந்து பார்த்தா தெரியவே தெரியாது. டயரோட உள்பக்கம் பூரா ஒரு துணிய வச்சு மெதுவா தடவிட்டு வாங்க, துணி எங்க இழுக்குதோ அங்க இருக்கு முள்ளு. வெறும் விரல விட்டுத் தடவாதீங்க.

கடைசி ஆள் வந்ததும் கிளம்புறது

இதத்தான் நிறைய சொல்லணும். இன்னைக்கும் யாராவது இதப் பண்றதப் பார்த்தா எனக்குக் கோவம் வருது.

அப்ப நடந்தது சொல்றேன். பங்குனி மாசம், ஒம்பது பேர் சென்னைலருந்து வந்திருந்தாங்க. காரைக்குடில கிளம்பி கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், அங்கருந்து ஆத்தங்குடி, அப்புறம் காரைக்குடின்னு ஒரு சுத்து. அதுல ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க, அம்பத்தெட்டு அம்பத்தொம்பது வயசு இருக்கும், சின்ன வயசுல ஓட்டுனதுதான்னு சொன்னாங்க, ஆனா நிதானமா நல்லாவே ஓட்டுனாங்க. நான் முன்னாடி போவேன், ஒரு இடத்துல நிறுத்துவேன், வந்தவங்களுக்குக் கதை சொல்ல ஆரம்பிச்சிருவேன். இந்த வீட்டு முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல, தூணெல்லாம் பர்மா தேக்கு, சுவத்துக்கு சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு சேத்துப் பூசுனதுன்னு சொல்லி முடிக்கவும் டீச்சர் வந்து சேரவும் சரியா இருக்கும். "எல்லாரும் வந்தாச்சா, கிளம்பலாமா?" அவ்வளவுதான். அவங்க சைக்கிள்ல இருந்து இறங்கிக்கூட இருக்க மாட்டாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு ஸ்டாப்லயும் முன்னாடி வர்றவருக்குப் பத்து நிமிஷம் ரெஸ்ட், கடைசில வர்றவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. அஞ்சு ஸ்டாப் ஆனா அவருக்கு அம்பது நிமிஷம் கெடச்சிருச்சு, இவங்களுக்கு இன்னும் பூஜ்யம்தான். யாருக்கு ரொம்ப ரெஸ்ட் தேவையோ அவங்களுக்குத்தான் கிடைக்கிறதே இல்ல. நிக்காததால தண்ணியும் குடிக்க மாட்டாங்க, ஓட்டிக்கிட்டே பாட்டில எடுத்துக் குடிக்கிற பழக்கம் புதுசா வர்றவங்களுக்குக் கிடையாது. கதையும் போச்சு, எதுக்கு வந்தாங்களோ அதுவும் போச்சு.

கானாடுகாத்தான் தாண்டி ரோடு பிரியுற இடத்துல நான் திரும்பிட்டேன், என் பின்னாடி எட்டு பேரும் திரும்பிட்டாங்க. டீச்சர் வர்றப்ப அங்க யாரும் இல்ல, நேரா போயிட்டாங்க. ஆத்தங்குடி போய் டீ சொன்னேன், பத்து கிளாஸ். ஒம்பது கை எடுத்துச்சு, ஒரு கிளாஸ் தட்டுலயே இருந்துச்சு. பின்னாடி வந்துட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். அந்த டீ மேல ஆடை கட்டி சுருங்குற வரைக்கும் நெனச்சுக்கிட்டே இருந்தேன், அப்புறம்தான் போன் போட்டேன். போன் அடிக்கிற சத்தம் எங்க பேக் ஏத்திட்டு வந்த வேனுக்குள்ள இருந்து வருது.

திரும்பிப் போய்த் தேடிக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. ஒரு கண்மாய்க் கரைல புளியமரத்தடில படுத்திருந்தாங்க, ஆடு மேய்க்கிற ஒரு அம்மா முந்தானைய நனைச்சு நெத்தில போட்டு, தூக்குச் சட்டில வச்சிருந்த நீச்சத்தண்ணிய உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டிருந்தாங்க. ரெண்டு வாட்டி வாந்தி எடுத்திருக்காங்க. கார் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயி ட்ரிப்ஸ் ஏத்தி சாயந்திரம் நல்லா ஆயிட்டாங்க. ஒம்பது பேருக்கும் காசத் திருப்பிக் குடுத்தேன், கார் வாடகை, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் என்னோடது, அந்த சீசன் சம்பாதிச்சதுல பாதி போச்சு. அது கூடப் பரவால்ல. படுக்கைல இருந்துக்கிட்டு அவங்க எங்கிட்ட சொன்னாங்க, "என்னால உங்க எல்லாருக்கும் லேட் ஆயிருச்சு தம்பி, மன்னிச்சிருங்க". அந்த வார்த்தை இன்னும் காதுல இருக்கு. தப்பு பூரா என் பேர்ல, மன்னிப்புக் கேட்டது அவங்க.

அதுக்கப்புறம் நான் மாத்திக்கிட்டது இதுதான். ரெஸ்ட் டைம், கடைசி ஆள் இறங்கி உக்காந்து தண்ணி குடிச்ச பிறகுதான் ஆரம்பிக்கும், அதுல இருந்து பத்து நிமிஷம். கதையும் அப்பத்தான் ஆரம்பிக்கும், முன்னாடி வந்தவங்க வேணும்னா போட்டோ எடுக்கட்டும். வாலுக்கு ஒரு ஆள் கட்டாயம் வேணும், அதுக்கு இருக்குறதுலயே சின்னப் பையனப் போட்டு விடாதீங்க, ரிப்பேர் நல்லாத் தெரிஞ்ச, பொறுமையா பேசத் தெரிஞ்ச ஆளு வேணும், ஏன்னா பிரச்சனை எல்லாம் வால்லதான் வரும். அவரு முதுகுல செவப்புத் துணி ஒண்ணு கட்டி விடுவேன். ரோடு பிரியுற முக்குல நல்லா ஓட்டுறவரு ஒருத்தரு நிப்பாரு, செவப்புத் துணியக் கண்ணால பார்க்குற வரைக்கும் அவரு நகரக் கூடாது. அடுத்த முக்குல அடுத்தவரு. மெதுவா ஓட்டுறவங்கள எனக்கு நேர் பின்னாடி வச்சுக்குவேன், எதிர்காத்தும் அவங்களுக்குக் கொஞ்சம் குறையும், வேகத்தையும் அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. போன் அவங்கவங்க பையில, வேன்ல இல்ல.

வேகமா ஓட்டுறவங்க சலிச்சுக்குவாங்களேன்னு கேப்பீங்க. சலிச்சுக்குவாங்கதான். அவங்களுக்கு ஒரு வேலை குடுங்க, அந்தா தெரியுற அய்யனார் கோயில் மண்குதிரை வரைக்கும் போயிட்டு வாங்க, இங்கதான் இருப்போம்னு சொல்லுங்க, ரெண்டு பேரா போகச் சொல்லுங்க. சந்தோஷமா போயிட்டு வருவாங்க.

இன்னொண்ணு, தலைவலி, குமட்டல், கால் பிடிச்சு இழுக்குதுன்னு யாராவது சொன்னா அதோட அவங்க ஓட்டுறது முடிஞ்சுது. நிழல்ல படுக்க வச்சு, காலத் தூக்கி வச்சு, ஈரத்துணி போட்டு, ஓஆர்எஸ் குடுங்க. ஒரு பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி, அரை லிட்டர் பாட்டில்ல முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்காதீங்க. பேச்சு குழறுனாலோ மயக்கமானாலோ யோசிக்காம 108.

திருமயத்தையும் சேத்துக்குறது

வேண்டாம். ராமநாதபுரம் ராஜா சேதுபதி 1687ல கட்டுன கோட்டை, பார்க்க வேண்டியதுதான், ஆனா பாறை மேல ஏறணும், பதினோரு மணி வெயில்ல அந்தப் பாறை சுடும். அதுக்குத் தனியா ஒரு நாள் வைங்க.

காத்தக் கணக்குல எடுக்காதது

மார்கழி, தைல வாடைக்காத்து வடகிழக்குல இருந்து வரும். காரைக்குடில இருந்து கானாடுகாத்தான் வடக்க. காலைல உடம்பு தெம்பா இருக்குறப்ப எதுத்துப் போயிட்டு, திரும்புறப்ப முதுகுல வாங்கிட்டு வர்ற மாதிரி சுத்தை வைங்க. மாத்தி வச்சீங்கன்னா மத்தியானம் அத்தனை பேர் மூஞ்சியும் உங்களையே பார்க்கும்.

ஆத்தங்குடிக்கு மத்தியானம் போறது

டைல்ஸ் செய்யுறதப் பார்க்கத்தான் போறோம், அடுக்கி வச்ச டைல்ஸப் பார்க்க இல்ல. கண்ணாடிய அடில வச்சு, இரும்புச் சட்டத்துக்குள்ள ஒரு கரண்டி கலர் சிமெண்டுக் கூழை ஊத்தி அந்த அண்ணன் கைய லேசா ஆட்டுவாரு பாருங்க, பூ மாதிரி விரியும், அதுக்கு மேல மண்ணும் சிமெண்டும் போட்டு அமுக்கி காய வச்சுத் தண்ணித் தொட்டில ஊறப் போடுவாங்க. அந்தக் கண்ணாடிதான் டைலுக்குப் பளபளப்பக் குடுக்குது. முதல் நாளே போன் பண்ணிக் கேட்டு வச்சுட்டு, காலைல போங்க. சாப்பாட்டு நேரத்துல பத்து பேரோட போய் நின்னா அவங்களும் எழுந்து வரணும், சோத்துத் தட்டோட.

பூட்டுன வீட்டுல எட்டிப் பார்க்குறது

அது வெறும் கட்டடமில்ல, இங்கத்த நகரத்தார் செட்டியாருங்களுக்கு அவங்க ஐயா வீடு, அதாவது தாத்தா வீடு. ஒரு வீட்டுக்குப் பத்திருபது பங்காளி இருப்பாங்க, ஒருத்தர் சென்னைல, ஒருத்தர் சிங்கப்பூர்ல, சாமி கும்பிட, கல்யாணத்துக்குன்னு வந்து கூடுவாங்க. வாட்ச்மேன் கையில நூறு ரூவாயத் திணிச்சு உள்ள போனா அவரு வேலைதான் போகும். கட்டணம் வாங்கித் திறந்து காட்டுற வீடு இருக்கு, அங்க போங்க. திண்ணைல ஆச்சி யாராவது உக்காந்திருந்தா முதல்ல வணக்கம் சொல்லுங்க, கேமராவ அப்புறம் எடுங்க.

ஊருணில சைக்கிள் கழுவுறது

கூடவே கூடாது, குடிதண்ணிக்குன்னு வெட்டுன குளம் அது. செருப்போடக் கூட இறங்காதீங்க.

கோயிலுக்குப் பன்னெண்டு மணிக்கு மேல

நடை சாத்தியிருக்கும். சாயந்திரம் நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க. நகரத்தார் கோயில் ஒம்பதுல எதை வச்சாலும் காலைல முதல் ஸ்டாப்பா வைங்க.

நடுவுல விருந்து

செட்டிநாட்டுக்கு வந்துட்டு இலை போட்டுச் சாப்பிடாம போக முடியாதுதான். ஆனா கோழி வறுவலும் கவுனி அரிசியும் சாப்பிட்டுட்டு இன்னும் 12 கிலோமீட்டர்னு சொன்னா யாரால முடியும்? காலைல வெள்ளைப் பணியாரம் நாலு, வழியில மோர், சீசன்னா நுங்கு. விருந்து காரைக்குடி வந்து சைக்கிளை ஒப்படைச்ச பிறகு. நான் ஒவ்வொரு வாட்டியும் இலையப் போடச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவ தலைய எண்ணிருவேன், செவப்புத் துணி கட்டுனவரு வந்து கை கழுவுன பிறகுதான் சோறு வைக்கச் சொல்லுவேன்.

அந்த ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ண நானே கூட்டிட்டுப் போய் குரூப்ல சேத்து விட்டேன். தம்பி அப்பத்தான் சைக்கிள்ல ஏறிக்கிட்டிருந்தாரு, "வந்துட்டாங்களா, சரி கிளம்பலாம்"னாரு. நான் அவரு ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு, பத்து நிமிஷம் இருங்க தம்பின்னு சொல்லி, அந்தப் பொண்ணுக்குத் தண்ணி பாட்டில எடுத்துக் குடுத்தேன்.