தாயக்கட்டையும் தீப்பந்தமும்: ரங்கூனில் பழைய பாணி டிஎன்டி ஆடத் தொடங்குவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டிஎன்டி) என்ற, பகடை உருட்டிக் கதை சொல்லும் விளையாட்டை ஆட வேண்டும் என்று ஆசைப்படும் நம் பிள்ளைகள் சொல்லும் தடைகள் மூன்று. இருபது முகப் பகடை கடையில் கிடைப்பதில்லை. புத்தகம் வாங்க வெளிநாட்டு கார்டு இல்லை. புத்தகமே கிடைத்தாலும் கூட ஆடுபவர்களுக்கு ஆங்கிலம் ஓடாது. மூன்றுக்கும் வழி இருக்கிறது. எங்கள் வீட்டு மாடியில் இப்போது ஒரு கூட்டம் ஒழுங்காகக் கூடி ஆடுகிறது. அதற்கு என்னென்ன செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை ஆடுவார்கள் என்ற அளவுக்காவது தெரிந்தவர்களுக்கு இது போதும்.

படி 1: எந்த விதிப்புத்தகம்

இந்த ஆட்டம் முதலில் வந்தது 1974-ல். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் எழுதிய மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டிக்குள். 1981-ல் டாம் மோல்ட்வே அதை 64 பக்கத்தில் தெளிவாக ஒழுங்குபடுத்தினார். பழைய பாணி என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த 1981 வகையைத்தான். கேரக்டர் பலவீனமாகத் தொடங்கும், விதி குறைவு, முடிவெடுக்கும் வேலை ஆடுபவர் தலையில்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது பேசிக் ஃபேன்டசி என்ற, பழைய பாணி விதிப்புத்தகம். பிடிஎஃப் முழுக்க இலவசம். 2023-ல் வந்த நான்காம் பதிப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் பிரின்ட் போட்டுப் பகிர்வதில் எந்தச் சிக்கலும் இல்லை. கரண்ட் இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, பன்சோடான் பக்கம் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிடுங்கள். முழுப் புத்தகமும் வேண்டாம். கேரக்டர் உருவாக்கம், மந்திரப் பட்டியலில் முதல் லெவல், சண்டை, அரக்கர் பட்டியலில் நீங்கள் பயன்படுத்தப் போகும் பக்கங்கள், இவ்வளவு போதும். ஸ்பைரல் போட்டால் மேசையில் விரித்து வைக்க வசதி.

கெய்ர்ன் என்ற இன்னொரு விதிப்புத்தகமும் இலவசம், மிகச் சின்னது. அதில் அடித்தால் படும், குறிபார்த்துப் பகடை போடும் வேலையே இல்லை. விதி என்றாலே மிரளும் கூட்டத்துக்கு அது நல்லது. ஆனால் வெளிச்சம், நேரம், தங்கம் என்ற பழைய கணக்கின் ருசி முதலில் பிடிபட வேண்டுமென்றால் பேசிக் ஃபேன்டசிதான் என் தேர்வு. சண்டை விதியை அதிலிருந்தும், தீப்பந்தக் கணக்கை 1981 வழியிலிருந்தும் எடுத்துக் கலந்து ஆடுகிறேன். கீழே வரும் எண்கள் அப்படித்தான்.

படி 2: பகடை

இங்கேதான் நாங்கள் அதிகம் திணறினோம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இந்த ஆட்டத்துக்கு 4, 6, 8, 10, 12, 20 முகப் பகடைகள் வேண்டும். ஆறு முகப் பகடை லூடோ பெட்டியிலேயே இருக்கிறது. மற்றவற்றுக்கு எங்கே போவது? அமெரிக்காவிலேயே 1979 வாக்கில் பகடைத் தட்டுப்பாடு வந்து, ஆட்டத்தை வெளியிட்ட கம்பெனி பெட்டிக்குள் பகடைக்குப் பதிலாக எண் அச்சடித்த சிறு அட்டைத் துண்டுகளை வைத்து விற்றது. ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். முதலில் நாங்களும் இருபது சீட்டு எழுதி அப்படித்தான் ஆடினோம். சீட்டு முறையில் ஒரு கண்டிப்பு உண்டு: எடுத்த சீட்டை உடனே கோப்பைக்குள் திரும்பப் போட்டுவிட வேண்டும். வெளியே வைத்துவிட்டால், எடுத்த எண் மறுபடி வராது, உள்ளே மிஞ்சிய எண்களே விழும். அடுத்து எடுப்பவருக்கு வாய்ப்பு சமமாக இருக்காது.

அதைவிட நல்ல வழி நம் வீட்டுப் பெரியவர்களின் பெட்டியிலேயே இருந்தது. தாயக்கட்டை. நீள வாக்கில் நான்கு பக்கம்: வெறுமை, 1, 2, 3. அது நான்கு முகப் பகடையேதான். ஒரு தாயக்கட்டையும் ஒரு லூடோ பகடையும் இருந்தால் எல்லா எண்ணும் வந்துவிடும்.

இருபதுக்கு: தாயக்கட்டையில் வெறுமை விழுந்தால் 0, ஒன்று விழுந்தால் 5, இரண்டுக்கு 10, மூன்றுக்கு 15. லூடோ பகடையில் விழுந்ததை இதோடு கூட்டுங்கள். பகடையில் ஆறு விழுந்தால் அந்தப் பகடையை மட்டும் மறுபடி உருட்டுங்கள். தாயக்கட்டை 2, பகடை 4 என்றால் 14. ஒன்றிலிருந்து இருபது வரை எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு.

நான்குக்கு: தாயக்கட்டை மட்டும், வெறுமையை 4 என்று எடுங்கள்.

எட்டுக்கு: மேலே சொன்ன நான்கு, லூடோ பகடை இரட்டைப்படை என்றால் கூட ஒரு 4.

பத்துக்கு: பகடையில் 1 முதல் 5 வரை, ஆறு விழுந்தால் மறுபடி. தாயக்கட்டையில் 1 அல்லது 3 விழுந்தால் கூட ஒரு 5.

பன்னிரண்டுக்கு: பகடையில் விழுந்தது, தாயக்கட்டையில் 1 அல்லது 3 என்றால் கூட ஒரு 6.

இருபதுக்குப் பதில் மூன்று நான்கு லூடோ பகடையை உருட்டிக் கூட்டினால் ஆகாதா என்று கேட்கிறார்கள். ஆகாது. பகடைகளைக் கூட்டினால் நடு எண்களே அடிக்கடி விழும். மூன்று பகடையில் 18 விழ 216-ல் ஒரு வாய்ப்புதான். கேரக்டரின் வலிமை, புத்தி போன்ற குணங்களுக்கு அது சரி, ஏனென்றால் பெரும்பாலான மனிதர்கள் நடுத்தரம். கத்தி வீச்சுக்கு அது சரிப்படாது.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் தன் தாயக்கட்டையில் எண்கள் வேறு மாதிரி இருப்பதாக எழுதினார். கவலை வேண்டாம். மிகச் சிறிய எண் உள்ள பக்கத்தை வெறுமையாக வைத்து, ஏறுவரிசையில் 1, 2, 3 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: பாகோவிலிருந்து ஓர் அக்கா எழுதியது. அவர் மாமியார் கைக்குத் தாயக்கட்டை சொன்னபடி விழுகிறதாம். பழகிய கைக்கு அது நிஜமாகவே முடியும். அதனால் கையில் உருட்ட வேண்டாம். எவர்சில்வர் டம்ளரில் போட்டு, குலுக்கி, தட்டில் கவிழ்க்கச் சொல்லுங்கள். எங்கள் மேசையில் இப்போது இதுவே சட்டம்.

போனில் பகடை உருட்டும் செயலி இருக்கிறதே என்பார்கள். நான் சேர்ப்பதில்லை. கட்டை தட்டில் விழும்போது எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். போன் திரையை ஒருவர்தான் பார்க்கிறார். சார்ஜும் மிச்சம்.

படி 3: கேரக்டர்

மூன்று லூடோ பகடையை ஆறு முறை உருட்டி, விழுந்த வரிசையிலேயே வலிமை, புத்தி, விவேகம், சுறுசுறுப்பு, உடல்திடம், வசீகரம் என்று எழுதுங்கள். மாற்றி அடுக்க விடாதீர்கள். வந்த எண்ணைப் பார்த்து வீரனா, திருடனா, மந்திரவாதியா, பூசாரியா என்று முடிவு செய்வதில்தான் அந்த ஆள் பிறக்கிறான். ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்: வீரனுக்கு எட்டு முகம், மந்திரவாதிக்கு நான்கு முகம். மந்திரவாதிக்கு ஒன்றே ஒன்று விழுந்தாலும் அப்படியே ஆடட்டும்.

இங்கே பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்து பர்மியத்தில்தான் வேகம். கோயில் தமிழ் வகுப்புக்குப் போனவர்களுக்கும் அப்படியே. அதனால் கேரக்டர் தாளை யார் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் எழுதட்டும், பேச்சு மட்டும் தமிழில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டோம். ஆங்கிலம் தெரிந்தாக வேண்டியது நடத்துபவர் ஒருவர்தான்.

படி 4: இடத்தை வரைவது

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ரப்பர். ஒரு கட்டம் பத்தடி. முதல் முறைக்கு எட்டு, பத்து அறை போதும்.

ஐரோப்பியக் கோட்டை எதற்கு? டெல்டாவில் வெள்ளத்தில் பாதி அமிழ்ந்த செட்டியார் கிட்டங்கி ஒன்றை வரையுங்கள். முன்னால் கணக்குப்பிள்ளைகள் உட்காரும் நீளக் கூடம், பின்னால் நெல் கொட்டும் அறைகள், நடுவில் இரும்புப் பெட்டகம் வைத்த அறை, மேலே தங்கும் இடம், கீழே தண்ணீர் புகுந்த நிலவறை. ரங்கூனில் அப்போதைய மொகல் தெருவில், இன்றைய ஷ்வே பொந்தா தெருவில், செட்டியார் கடைகள் எப்படி இருந்தன என்று கேட்டால் பெரியவர்கள் சொல்வார்கள். பெட்டகத்தின் சாவி ஓர் அறையில், பெட்டகம் இன்னொரு அறையில், இரண்டுக்கும் நடுவே தண்ணீர். இவ்வளவு இருந்தால் ஒரு மாலை ஓடிவிடும். கோப்ளின் என்ற பெயர் ஒட்டவில்லை என்றால் குட்டிப் பூதம் என்று வையுங்கள். ஓகர் என்ற பெரிய அரக்கனுக்கு, பர்மியக் கதைகளில் வரும் பீலூ.

பின்சேர்க்கை: பாகானில் உள்ள தம்மயன்ஜி கோயிலின் உள் நடை செங்கல் இடிபாடு நிரப்பி அடைக்கப்பட்டிருக்கிறது, அதையே வைத்து ஆடலாமா என்று ஒருவர் கேட்டார். அடைபட்ட நடை என்ற யோசனை அருமை, எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலை எடுக்காதீர்கள். கும்பிடும் இடத்தில் கொள்ளையடிக்கும் கதை, பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் பௌத்த நண்பருக்கு வலிக்கும். கிட்டங்கியையும் கற்பனை நாட்டில் வையுங்கள். 1942-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே இந்தியா போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம் மேசைகளில் இருக்கிறார்கள். கட்டடம் மட்டும் போதும், அந்த மனிதர்கள் வேண்டாம்.

படி 5: வெளிச்சக் கணக்கு

இதை விட்டுவிட்டு ஆடுபவர்கள் அதிகம், ஆட்டம் சப்பென்று இருக்கிறது என்று வருந்துபவர்களும் அவர்களே.

உள்ளே இறங்கியதும் நேரத்தை 'டர்ன்' என்று எண்ணுங்கள். ஒரு டர்ன் பத்து நிமிடம். ஓர் அறையைத் துழாவுவது, கதவை நெம்புவது எல்லாம் ஒரு டர்ன். தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும், எண்ணெய் விளக்கு ஒரு குப்பி எண்ணெய்க்கு இருபத்து நாலு. இரண்டு டர்னுக்கு ஒரு முறை நடத்துபவர் லூடோ பகடையை உருட்டுவார், ஒன்று விழுந்தால் ஏதோ ஒன்று அந்தப் பக்கமாக வருகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு தாளில் வரிசைக்கு ஆறு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு டர்னுக்கும் ஒரு கட்டத்தை அடியுங்கள். இரண்டாவது, நான்காவது, ஆறாவது கட்டத்தில் முன்கூட்டியே ஒரு புள்ளி வையுங்கள், அங்கே பகடை. வரிசை முடிந்தால் பந்தம் அணைந்தது. இந்தத் தாளை மறைக்காமல் மேசை நடுவில் வையுங்கள். நாலாவது கட்டம் அடிபடும்போதே, "அண்ணே, திரும்பிப் போக எத்தனை டர்ன் ஆகும்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். வரைபடத்தைச் சரியாக வரையாதவரைப் பார்த்து எல்லோரும் முறைப்பார்கள். அந்தக் கவலை வந்த பிறகு அரக்கனே வராவிட்டாலும் ஆட்டம் விறுவிறுப்பாகிவிடும்.

படி 6: கேள்வி, பதில்

பகடையை உருட்டி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதைவிட, கேட்டுக் கண்டுபிடிப்பதுதான் பழைய ஆட்டத்தின் உயிர். எங்கள் மேசையில் நடந்த ஒன்று:

"தேக்குக் கதவு. கீழ்ப்பக்கம் ஊறி உப்பியிருக்கு. இடுக்கு வழியா அழுகின நெல் வாடை வருது."

"அண்ணே, தரையில இருக்கிற தண்ணி நிக்குதா, ஓடுதா?"

"ஓடுது. மெதுவா, கதவுக்கு உள்பக்கமா."

"அப்ப உள்ளே பள்ளம். கதவைத் திறக்காதீங்கடா. மூங்கிலை இடுக்குல விட்டு ஆழம் பார்க்கிறேன்."

மூங்கில் முழுவதும் உள்ளே போனது. பகடை உருளவில்லை, யாரும் சாகவும் இல்லை. கேட்டவள் பதினான்கு வயதுப் பெண், கேரக்டரின் புத்தி எண் 6. எண்ணைக் காட்டி அவள் யோசனையைத் தட்டிவிடாதீர்கள். நடத்துபவர் கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்காததை வலிந்து சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிவதை ஒளிக்கவும் கூடாது.

படி 7: சண்டைக்கு முன் இரண்டு பகடை

எதிரே ஏதாவது வந்தால் உடனே கத்தியை உருவ வேண்டியதில்லை. இரண்டு லூடோ பகடை உருட்டிக் கூட்டுங்கள். 2 என்றால் பாய்ந்துவிடும், 3 முதல் 5 வரை விரோதம், 6 முதல் 8 வரை தயக்கம், 9 முதல் 11 வரை சண்டைக்கு வராது, 12 என்றால் நட்பு. நடு எண்களே அதிகம் விழும் என்பதால் பெரும்பாலும் பேச இடம் இருக்கும். குட்டிப் பூதங்களுக்கு ஊறுகாய் ஜாடி கொடுத்து வழி கேட்டிருக்கிறார்கள் எங்கள் ஆட்கள்.

சண்டை வந்தேவிட்டால் மொரேல், அதாவது எதிரிகளின் மன உறுதி, பார்க்க மறக்காதீர்கள். அவர்கள் பக்கம் முதல் ஆள் விழும்போது ஒரு முறை, பாதிப் பேர் விழும்போது ஒரு முறை, இரண்டு பகடை. அவர்களுடைய மொரேல் எண்ணைத் தாண்டினால் ஓடிவிடுவார்கள். கோப்ளினுக்கு 7. எலும்புக்கூட்டுக்கு 12, அது ஓடவே ஓடாது. அடிப்பது சுலபம்: இருபதை உருட்டி உங்கள் தாக்கு எண்ணைக் கூட்டினால் எதிரியின் ஆர்மர் கிளாஸை, அதாவது கவச எண்ணை, தொட வேண்டும். சங்கிலிக் கவசத்துக்கு 15. முதல் லெவல் வீரனின் தாக்கு எண் 1, ஆக 14 விழுந்தால் பட்டது.

மிக முக்கியம்: வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி கொடுங்கள். பேசிக் ஃபேன்டசியில் இது நடத்துபவர் விருப்பம். நான் தவறாமல் கொடுக்கிறேன். வீரன் இரண்டாம் லெவல் ஏற 2,000 புள்ளி வேண்டும், ஒரு கோப்ளினைக் கொன்றால் வருவதோ சொற்பம். இந்தக் கணக்கு புரிந்த அன்றே சண்டையைத் தவிர்த்துப் பெட்டகத்தைத் தூக்க வழி தேடுவார்கள்.

பின்சேர்க்கை: கேரக்டர் செத்ததும் தம்பி அழுதுவிட்டான், என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். செத்ததை மாற்றாதீர்கள். தம்பியைக் காத்திருக்க வைக்கவும் செய்யாதீர்கள். அப்போதே மூன்று பகடையைக் கையில் கொடுங்கள். மற்றவர்கள் அடுத்த அறைக் கதவை நெம்பி முடிப்பதற்குள் புது ஆள் தயாராகிவிடுவான். அந்த அறையில் கட்டிப்போடப்பட்டிருந்தவன் அவன்தான் என்று வைத்துவிடுங்கள். செத்தவனின் பொருளில் ஏதாவது ஒன்று, கத்தியோ விளக்கோ, புது ஆளுக்குப் போகட்டும். சுமை தூக்கக் கூலிக்கு இரண்டு பேரை ஊரிலேயே சேர்த்து அழைத்துப் போனால் இன்னும் சுலபம், கூலியாளையே தம்பி எடுத்து ஆடலாம்.