‘ஃபேஸ் அவுட்’ என்று வந்தால் தமிழில் என்ன எழுதுவது?

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கிற சொல் இது. அகராதியைத் திறந்தால் ‘படிப்படியாக நிறுத்து’ என்று இருக்கும். பொருள் சரிதான். ஆனால் அதையே எல்லா இடத்திலும் ஒட்டினால் சில இடங்களில் பொருள் கெட்டுவிடும். நானும் கெடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் எழுதினால் முகத்துக்கான ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒரே ‘ஃபேஸ்’தான். நம் ஊர் எலக்ட்ரீஷியனிடம் ‘ஃபேஸ் அவுட்’ என்று சொன்னால், மூன்று ஃபேஸில் எது போச்சு என்று டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். நாம் பேசுவது கட்டம் என்ற பொருளில் வரும் ஃபேஸ். ஒன்றைக் கட்டம் கட்டமாக வெளியேற்றுவதுதான் ஃபேஸ் அவுட்.

படி 1: மூன்று கேள்வி கேளுங்கள்

யாராவது முடிவெடுத்துச் செய்கிறார்களா? ஒரே நாளில் இல்லாமல் கால இடைவெளி விட்டு நடக்கிறதா? கடைசியில் ஒன்றுமே மிஞ்சக் கூடாது என்பதுதான் நோக்கமா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் அது ஃபேஸ் அவுட்.

ஈயம் கலந்த பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈய பெட்ரோல் நின்றது. அரசு முடிவெடுத்தது, வருடங்கள் ஆயின, கடைசியில் ஒன்றும் மிச்சமில்லை. இங்கே ‘ஈய பெட்ரோல் படிப்படியாக நிறுத்தப்பட்டது’ என்று தயங்காமல் எழுதலாம்.

படி 2: குறைப்பதா, ஒழிப்பதா?

அதிகம் பேர் சறுக்குகிற இடம் இதுதான். பலர் ‘படிப்படியாகக் குறைத்தல்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ‘நிறுத்தல்’ என்பது கொஞ்சம் முரட்டுத்தனமாகப் படுகிறது போலும்.

2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டை நினைத்துப் பாருங்கள். நிலக்கரி மின்சாரத்தைப் பற்றிய வாசகத்தில் ‘ஃபேஸ் அவுட்’ என்று இருந்தது. கடைசி நேரத்தில் அதை ‘ஃபேஸ் டவுன்’ என்று மாற்றும்படி இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ் கோரினார். மாற்றினார்கள். பல நாடுகள் வருத்தத்தை வெளிப்படையாகச் சொல்லின. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மன்னிப்புக் கேட்டு, பேச முடியாமல் கண் கலங்கினார்.

இவ்வளவும் ஒரு சொல்லுக்காக. அவுட் என்றால் ஒரு நாள் நிலக்கரி இருக்காது. டவுன் என்றால் குறையும், ஆனால் இருக்கும். இப்போது இரண்டையும் ‘படிப்படியாகக் குறைத்தல்’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். படிக்கிறவருக்கு எதற்காகச் சண்டை போட்டார்கள் என்றே புரியாது. அதனால் ஃபேஸ் டவுனுக்கு ‘படிப்படியாகக் குறைத்தல்’, ஃபேஸ் அவுட்டுக்கு ‘படிப்படியாகக் கைவிடுதல்’ அல்லது ‘குறைத்து நிறுத்துதல்’ என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: தானாக நடந்ததா, யாராவது செய்ததா?

இதில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. குறைந்து – குறைத்து, நின்றது – நிறுத்தியது, ஒழிந்தது – ஒழித்தது, விலகியது – விலக்கியது. ஒரே வினை, தானாக நடந்தால் ஒரு வடிவம், ஒருவர் செய்தால் இன்னொரு வடிவம். ஃபேஸ் அவுட்டில் செய்கிறவர் உண்டு என்பதால் எப்போதும் இரண்டாவது வடிவம்தான்: குறைத்து, நிறுத்தி, விலக்கி. ‘படிப்படியாகக் குறைந்து நின்றுபோனது’ என்று எழுதினால் யாரும் முடிவெடுக்கவில்லை, அதுவாகப் போய்விட்டது என்றாகிவிடும். அதற்கு நம்மிடம் ‘வழக்கொழிந்தது’ என்ற அழகான சொல் தனியாகவே இருக்கிறது.

சில சமயம் இரண்டும் கலந்தே நடக்கும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. தும்பிக்கை மாதிரி மேலே வளையும் பழைய ‘லை’, ‘னை’ எல்லாம் அரசு ஏட்டிலிருந்து விலக்கப்பட்டன. ஆனால் எங்கள் பாட்டி கடைசிவரை மளிகைச் சீட்டில் ‘முட்டை’யும் ‘வெல்லமும்’ ஒழுங்காக எழுதிவிட்டு, ‘தலைவலி மாத்திரை’க்கு வரும்போது தும்பிக்கையைத் தூக்கிவிடுவார். அரசு ஏட்டில் பழைய வடிவம் கைவிடப்பட்டது; பாட்டியின் தலைமுறையோடுதான் அது வழக்கொழிந்தது.

படி 4: ‘படிப்படியாக’வா, ‘கட்டம் கட்டமாக’வா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் குண்டு பல்புகளை நிறுத்தியபோது 2009-இல் 100 வாட், 2010-இல் 75, 2011-இல் 60, 2012-இல் மிச்சம் என்று ஒவ்வொரு வகையாக எடுத்தார்கள். இது கட்டம் கட்டமாக. ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டவருக்கு டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். திடீரென நிறுத்தினால், தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும் உடம்பு தடுமாறும். இது படிப்படியாக. பெரிய வித்தியாசம் இல்லை, காதுக்கு எது பொருந்துகிறதோ அதை எழுதுங்கள்.

படி 5: எது நிற்கிறது என்று சொல்லிவிடுங்கள்

வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் சுற்றறிக்கையை ஒருமுறை தமிழாக்கினேன். பழைய மிக்ஸி மாடல் ஒன்றை ஃபேஸ் அவுட் செய்கிறார்கள். ‘இந்த மாடல் படிப்படியாக நிறுத்தப்படும்’ என்று எழுதிக் கொடுத்தேன். இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் ஜாரும் பிளேடும் இனிக் கிடைக்காதா என்று கடைக்காரர்கள் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நிற்கப்போவது தயாரிப்பு மட்டும்தான். ‘இந்த மாடலின் தயாரிப்பு படிப்படியாக நிறுத்தப்படும், உதிரி பாகங்கள் தொடர்ந்து கிடைக்கும்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

2000 ரூபாய் நோட்டிலும் இதே கதை. 2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்து, செப்டம்பர் 30 வரை வங்கிகளில் மாற்றிக்கொள்ளச் சொன்னது. பிறகு அக்டோபர் 7 வரை நீட்டித்தது. நின்றது புழக்கம். நோட்டு செல்லும் என்று ரிசர்வ் வங்கியே சொன்னது. 2016 நவம்பர் 8 இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்குப் பிரதமர் அறிவித்ததுதான் ‘செல்லாது’. அந்த ஞாபகத்தில் 2023-லும் ‘செல்லாது’ என்று எழுதியவர்கள் தப்பாக எழுதினார்கள்.

சரி, இப்போது நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள். செல்போன் வந்த பிறகு தந்தி அனுப்புகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தார்கள். 2013 ஜூலையில் பி.எஸ்.என்.எல். தந்திச் சேவையை மூடியது. இதை ‘தந்தி படிப்படியாக நிறுத்தப்பட்டது’ என்று எழுதலாமா?

கூடாது. தந்தி அனுப்பும் பழக்கம் படிப்படியாகக் குறைந்தது. தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. முதலாவதை யாரும் செய்யவில்லை, இரண்டாவது படிப்படியாக நடக்கவில்லை.