பீட்டிலுக்கு 1600 இன்ஜின்: சென்னை வெயிலுக்கு ஏற்ப மாட்டும் முறை

பின்பக்கம் இன்ஜின் உள்ள ஃபோக்ஸ்வேகன் கார்தான் பீட்டில். பழைய 1200 சிசி பீட்டிலில் 34 குதிரைத்திறன்தான். நாலு பேரோடு கத்திப்பாரா மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்கும். டூயல் போர்ட் ஹெட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காற்றுவழி) உள்ள 1600 சிசி இன்ஜின் 50 தரும். அதே குடும்பத்து இன்ஜின் என்பதால் புதிதாகக் கற்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்டிஓ அனுமதி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும். இன்ஜினைப் பில்லோடு வாங்குங்கள், ஆர்சியில் புது நம்பர் ஏற வேண்டும்.

1. பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோல் ஹோஸை அடைத்துவிடுங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள், வயர்களை விடுவியுங்கள்.

2. பின்பக்கத்தை உயரத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினைக் கியர்பாக்ஸோடு பிடித்திருப்பவை மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நான்கே 17 எம்எம் நட்டு போல்ட்டுகள். இன்ஜின் நூறு கிலோவுக்கு மேல், அதனால் ஜாக்கி கொடுத்த பிறகே கழற்றுங்கள். நேராகப் பின்னால் இழுத்து, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்ச்சிலிருந்து வெளியே வந்ததும் இறக்குங்கள்.

3. ஃப்ளைவீல் (இன்ஜினில் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள கனமான சக்கரம்) பற்களை எண்ணுங்கள். 6 வோல்ட் வண்டிக்கு 109, 12 வோல்ட்டுக்கு 130. மாறியிருந்தால் ஸ்டார்ட்டரும் பொருந்தாது. கிராங்க் எண்ட் ப்ளே, அதாவது கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரும் அளவு, 0.07 முதல் 0.13 மிமீ வரை இருக்கலாம். ஃப்ளைவீல் நட்டுக்கு 35 கிலோ-மீட்டர் டார்க். அதாவது, ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 35 கிலோ தொங்குகிற அளவு.

4. ஏற்றும்போது ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள் தானாக வழுக்கிப் போக வேண்டும். போகவில்லையா? போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், பிளேட் வளைந்துவிடும். ஃப்ளைவீலைக் கொஞ்சம் திருப்பி மறுபடி தள்ளுங்கள்.

5. இதுதான் முக்கியம். இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளும், அவற்றின் ஓர ரப்பரும். கீழே சைலன்சர் சூடாக்கிய காற்றை ஃபேன் மறுபடி இழுக்காமல் அந்த ரப்பர்தான் தடுக்கிறது. என் வண்டியில் அது பிஸ்கட் மாதிரி உடைந்திருந்தது. “இது தேவையே இல்ல சார்” என்று மெக்கானிக் எடுத்துப் போட்டார். மே மாதம், சிக்னலில் நின்றபோது மூன்றாவது சிலிண்டர் வால்வு உடைந்தது. ஆயில் கூலர் அந்தச் சிலிண்டரின் காற்றை மறைப்பதால், பழைய வண்டிகளில் முதலில் போவது அதுதான். ரப்பர் பீடிங்கைச் சுற்றிலும் இடைவெளியின்றி அழுத்திப் பொருத்துங்கள். கார்புரேட்டரைப் பெரிதாக்கும் ஆசையெல்லாம் அப்புறம்.

6. பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ஹோஸ் ஊறிக் கசியும், தீப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸும் கிளிப்பும் புதிதாகப் போடுங்கள்.

7. ஆயில் இரண்டரை லிட்டர். இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே) 0.15 மிமீ வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றி, இடைவெளியை மறுபடி பாருங்கள்.