மைக்ரோவேவுக்குள் பொறி பறக்கிறதா?

குழம்பைச் சூடாக்கும்போது உள்ளே 'பட் பட்'டென்று பொறி பறந்தால் உடனே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உள்ளே எவர்சில்வர் கரண்டியோ தங்கக் கரை போட்ட கப்போ இல்லையென்றால், பெரும்பாலும் காரணம் மைக்கா ஷீட்தான். உட்சுவரில், பல மாடல்களில் வலது பக்கம், அட்டை போல ஒட்டியிருக்கும். சூடாக்கும் அலைகளை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரானிலிருந்து அவை உள்ளே வரும் வழியை அதுதான் மூடியிருக்கிறது. தெறித்த எண்ணெய் அதில் படிந்து கருகினால் அந்த இடத்தில் பொறி கிளம்பும்.

வெறும் பிசுக்கு என்றால் ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கருகியோ ஓட்டை விழுந்தோ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். விலை அதிகமில்லை. உதிரிபாகக் கடைகளில் பெரிய ஷீட்டாகவே கிடைக்கும். பழையதை மேலே வைத்து அளவெடுத்து, கத்தரிக்கோலால் வெட்டிப் பொருத்தலாம். பிறகு ஒரு கப் தண்ணீர் வைத்து 1 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். காலியாக ஓட்டாதீர்கள்.

தட்டு சுற்றவில்லை என்றால் அடியிலுள்ள சக்கர வளையத்தைக் கழுவி, சரியாக உட்காரவைத்துப் பாருங்கள்.

வெளி மூடியைக் கழற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகமான கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். விளக்கு எரிந்து, தட்டு சுற்றியும் சூடே ஏறவில்லையென்றால் மெக்கானிக்கையே கூப்பிடுங்கள்.