சிக்னல் இல்லாத வகுப்பில் கூகுள் எர்த்

திருகோணமலை மாவட்டத்து மூதூர், வெருகல் பக்கப் பள்ளிகளில் டேட்டாவை நம்பிப் பாடம் தொடங்கினால் பாதி நேரம் சுற்றும் வட்டத்தைத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள். கைபேசிச் செயலியை விடுங்கள். மடிக்கணினியில், பூமியைச் செயற்கைக்கோள் படங்களாகக் காட்டும் இலவச மென்பொருளான ‘கூகுள் எர்த் ப்ரோ’வை நிறுவுங்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், கேஷ் (பார்த்த படங்களைக் கணினியில் சேமித்து வைக்கும் இடம்) என்று போய் டிஸ்க் அளவை 2000 எம்பி ஆக்குங்கள்.

முதல் நாள் இரவு, வீட்டு இணைப்பில், காட்டப்போகும் இடங்களை மெதுவாகப் பார்த்து முடியுங்கள்: கொட்டியாரக் குடா, மகாவலி முகத்துவாரம், கிண்ணியாப் பாலம். பலர் தவறுவது இங்கேதான். எந்த உயரத்திலிருந்து பார்த்தீர்களோ அந்த உயரத்துப் படம் மட்டுமே கணினியில் தங்கும். மேலிருந்து மட்டும் பார்த்துவிட்டு, வகுப்பில் பாலத்தை நெருங்கினால் மங்கல்தான் தெரியும். எனவே ஒவ்வோர் இடத்திலும் படிப்படியாக இறங்கி, படம் தெளியும்வரை பொறுத்திருங்கள். மஞ்சள் குண்டூசியால் குறித்தும் வையுங்கள். பிறகு வைஃபையை நிறுத்தி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

வகுப்பில் ‘ரூலர்’ கருவியைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். கிண்ணியாப் பாலத்தை அளந்தால் 396 மீற்றருக்குக் கிட்ட வரவேண்டும். அதிகம் விலகினால் கோட்டின் நுனி கரையேறியிருக்கும். குடாவின் மேல் சுட்டியை நகர்த்தினால் கீழ் ஓரத்தில் ஆழம் மறை எண்ணாக மாறும். கடலடிப் பள்ளத்தாக்கை விளக்க அதுவே போதும், ஆனால் அந்த எண்கள் தோராயமானவை.

காப்பாக, முக்கிய காட்சிகளைப் படமாகச் சேமித்துப் பென்டிரைவில் போடுங்கள். புரொஜெக்டரில் பழைய வி.ஜி.ஏ. துளை மட்டும் இருந்தால், மடிக்கணினியை அதனுடன் இணைக்கும் அடாப்டர் ஒன்றும் பையில் இருக்கட்டும்.