பல்லுயிர்ப் பதிவேடு எழுதப் புறப்படுவோர் செய்யும் தவறுகள்

மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைப் புதுப்பிப்பதற்காக எங்கள் வட்டாரத்துக்கு வந்த கல்லூரி மாணவர்கள் ஆறு பேருடன் அண்மையில் மூன்று நாள் ஊர் ஊராக நடந்தேன். அவர்கள் உழைப்பில் குறையொன்றும் இல்லை. ஆனால், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்களும் ஒவ்வொன்றாகச் செய்வதைப் பார்த்தபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கட்டங்களை வெறுமையாக விடுவது, தேதி போட மறப்பது போன்றவற்றை யாரும் எளிதில் திருத்திவிடலாம் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உள்ளூர் மக்களைக் கலந்து இந்தப் பதிவேட்டை உருவாக்குவதே அந்தக் குழுவின் முதன்மைப் பணி என்று 2004ஆம் ஆண்டின் விதிகள் கூறின. ஊரில் என்னென்ன செடிகளும் உயிர்களும் உள்ளன என்பதோடு, அவற்றைப் பற்றி ஊராருக்கு என்ன தெரியும் என்பதும் அதில் ஏற வேண்டும். செடியை எழுதுவது எளிது; ஊராரின் அறிவை எழுதும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

பக்கத்து ஊர்ப் பதிவேட்டைப் பார்த்து எழுதுவது

எல்லா ஊர்களுக்கும் 2020 ஜனவரி 31க்குள் பதிவேடு எழுதி முடிக்க வேண்டும் என்றும், தவறினால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்திருந்தது. அந்த அவசரத்தில் எழுதப்பட்ட ஒரு பதிவேடு என் கைக்கு வந்தது. ஏரியே இல்லாத ஊருக்கு அதில் ஏரி மீன்களின் பட்டியல் இருந்தது.

ஆண்களிடம் மட்டும் கேட்பது

ஊருக்குள் நுழைந்ததும் தேநீர்க் கடையிலோ கோயில் திண்ணையிலோ நம்மிடம் பேச வருபவர்கள் ஆண்களே. அவர்களிடம் கீரைகளைக் கேட்டால் ஆறேழு பெயர்களோடு நின்றுவிடும். களை எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்களிடம் கேட்டால் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமட்டிக்கீரை, சாரணைக்கீரை என்று தொடங்கி, எதை எதோடு சேர்த்துக் கடைய வேண்டும், எதைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கக் கூடாது என்பது வரை சொல்வார்கள். குழு உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டின் விதிகளே கூறின. கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் அவர்களைத் தேடிப் போகிறவர்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. புற்களைப் பற்றி அறிய வேண்டுமென்றால் ஆடு மேய்ப்பவரோடு ஒரு பகல் முழுவதும் நடக்க வேண்டும். உட்கார்ந்து கேட்டால் அவருக்கே பாதி நினைவுக்கு வராது.

பெயரைக் கேட்டவுடன் செடியை முடிவு செய்வது

மாணவர் ஒருவர் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எழுதிப் படமும் எடுத்து வந்தார். படத்தில் இருந்ததோ பூங்காக்களிலும் சாலை நடுவிலும் அழகுக்காகப் படரவிடும் வெளிநாட்டுச் செடி. பூ ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால் இந்தக் குழப்பம் எங்கும் நேர்கிறது. பெயர் சொன்னவரையே செடிக்கு முன்னால் நிற்க வைத்துக் கேட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. இதற்கு மாறாக, ஒரே சிறுபீளையைப் பூளைப்பூ என்றும் கூரைப்பூ என்றும் பொங்கல் பூ என்றும் மூன்று செடிகளாக எழுதியவர்களும் உண்டு.

யாருடைய அறிவு என்பதை விட்டுவிட்டு, அவர் சொன்ன முறை முழுவதையும் எழுதுவது

மற்றவற்றை அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்த வழியில்லை என்பதால்தான் இன்றும் எனக்கு இதன்மேல் கோபம் தணியவில்லை.

நான் பதிவேட்டு வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், மலையடிவார ஊர் ஒன்றில் மாட்டு வைத்தியம் பார்க்கும் மூதாட்டி ஒருவரிடம் ஒரு மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தேன். மடி வீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசுவது பலரும் அறிந்ததே. அவரோ அதனுடன் இரண்டு இலைகளைச் சேர்த்தார். எந்த அளவில், எந்த வேளையில், எத்தனை நாள் என்பதற்கு அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. அவருடைய மாமியார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது. அத்தனையையும் அளவு பிசகாமல் பயன்பாடு என்ற கட்டத்தில் எழுதிய நான், தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் ‘ஊர் மக்கள்’ என்று எழுதினேன். அறிவு எல்லோருக்கும் பொது என்று அப்போது உண்மையாகவே நம்பியிருந்தேன்.

கிராம சபையில் அந்தப் பக்கங்களை நானே உரக்கப் படித்தேன். கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, “எழுதிக்கறேன்னுதானே சாமி கேட்ட, ஊரைக் கூட்டிப் படிக்கறேன்னு சொல்லலையே” என்று மட்டும் கேட்டார். அதன்பின் அவர் எங்களிடம் பேசவில்லை. அந்தப் பகுதியில் வைத்தியம் அறிந்த வேறு எவரும் வாய் திறக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துப் பதிவேட்டைச் சரிபார்க்கப் போனபோது அவர் இறந்துவிட்டிருந்தார். அவர் சொன்ன இலைகளில் ஒன்றின் பெயரை அங்கே இரண்டு செடிகளுக்கு வழங்குகிறார்கள். எதைச் சொன்னார் என்று கேட்க ஆள் இல்லை. ‘ஊர் மக்கள்’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு அவர் யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்று தேடவும் முடியாது. மறைத்திருக்க வேண்டிய முறையை ஊரறியச் செய்தேன். எழுதியிருக்க வேண்டிய பெயரை எழுதாமல் விட்டேன்.

எழுதி வைத்தால் அறிவு தானாகப் பாதுகாப்புப் பெறும் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். மஞ்சளின் புண்ணாற்றும் தன்மைக்கு 1995இல் அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட காப்புரிமை 1997இல் நீக்கப்பட்டதற்கு, அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் காட்டிய எழுத்துச் சான்றுகள் காரணம் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சான்றுகள் மற்றவர் உரிமை கொண்டாடுவதைத்தான் தடுத்தன. ஒரு மூதாட்டியின் முறையைக் கேட்காமலே எடுத்துப் பயன்படுத்துபவரைத் தடுக்கவும், வரும் பயனில் அவருக்குப் பங்கு வாங்கித் தரவும் எழுத்து மட்டும் போதாது. அது யாருடையது, யார் எதற்கு ஒப்பினார் என்ற குறிப்பும் வேண்டும்.

அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடியினரின் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1987இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணிகள், களைப்பு நீங்க அந்தச் செடியின் பழத்தைத் தின்றதிலிருந்து தொடங்கியது அது. அதிலிருந்து கேரளத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்துப் பெற்ற 10 லட்சம் ரூபாயிலும், விற்பனையில் 2 விழுக்காடு உரிமத் தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. முதலில் சொன்னவர்கள் யார் என்பது தெரிந்திருந்ததால்தான் இது நடந்தது. அப்படியிருந்தும், தங்களைக் கேட்காமல் குலத்தின் அறிவு வெளியே போனது என்று காணி வைத்தியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆகவே சொல்பவரின் ஒப்புதலோடு நின்றுவிடாமல், அந்த அறிவில் பங்குடைய மற்றவர்களையும் கேட்க வேண்டும்.

இப்போது நான் குறிப்பேட்டைத் திறப்பதற்கு முன்பே, எழுதலாமா, பெயர் போடலாமா, எவ்வளவை ஊரறியப் படிக்கலாம் என்று கேட்டுவிடுகிறேன். கிடைக்கும் விடையையும் தேதியோடு எழுதுகிறேன். எவரும் பார்க்கக்கூடிய திறந்த பக்கத்தில் செடியின் பெயரும், மாட்டு மடி நோய்க்குப் பயன்படுகிறது என்ற அளவும், யாரைக் கேட்க வேண்டும் என்பதும் மட்டுமே இருக்கும். வாய்மொழியாக வந்ததா, நூலில் உள்ளதா என்பதையும் கட்டாயம் குறிக்கிறேன். 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், நூல்களில் ஏறிவிட்ட மரபறிவைப் பயன்படுத்தும் இந்தியர்களுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்கு அளித்திருப்பதால், இந்த வேறுபாடு முன்பைவிட இப்போது முக்கியமாகிவிட்டது.

ஒரே பருவத்தில் போவது

ஐப்பசி மழைக்குப் பின் ஒரு முறை, கோடையில் ஒரு முறை. இதற்குக் குறைந்தால் பதிவேடு பாதிதான்.

எழுதி முடித்து அலமாரியில் பூட்டுவது

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. ஏதேனும் ஒன்றில், முன்னரே ஒப்புதல் பெற்ற திறந்த பக்கங்களிலிருந்து கீரைப் பட்டியலை மட்டுமாவது படியுங்கள். சென்ற அக்டோபர் 2 அன்று நாங்கள் அப்படிப் படித்தபோது, பின் வரிசையிலிருந்த பெண்கள் இரண்டு பெயர்களைத் திருத்தி, நாங்கள் கேள்விப்பட்டிராத நான்கு கீரைகளைச் சேர்த்தார்கள்.